பெயர் போடாத பதினோரு மடல்கள்

ஒருவருடைய பெயரை மறைத்துவிட்டால் அவரையே மறைத்துவிட்டதாக ஆகுமா? சமூகப்பணியில் முதுகலை படித்த இரண்டு ஆண்டுகளும் ‘ஆகும்’ என்றே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகாது என்பதை என் மதினி உணர்த்தினார். சுருளிப்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்தில், ஏழெட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, கையிலிருந்த கத்திரியை என் காலடியில் போட்டுவிட்டு அவர் வீட்டை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அது 2007ஆம் ஆண்டு. மதினி என் அண்ணனின் மனைவி. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் மதுரையில் அவருக்கு இடது மார்பை எடுத்திருந்தார்கள். அதன்பின் இருபத்தொரு நாளுக்கு ஒன்றாக ஆறு ஊசிகள் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆறில் ஒன்றைக்கூட விடக்கூடாது என்பதை அவர் எங்கள் மூவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

ஊருக்குச் சொன்ன சேதி வேறு. கர்ப்பப்பையை எடுத்துவிட்டதாகச் சொன்னோம். எங்கள் பக்கம் நாற்பதை நெருங்கும் பெண்களில் பலருக்கு அந்த அறுவை நடந்திருந்ததால் யாரும் இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. முடி கொட்டும் என்று மருத்துவமனையில் எச்சரித்தபோது அதற்கும் மதினியே வழி கண்டுபிடித்தார். கொட்டுவதற்கு முந்தின வாரமே பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, தலையில் சந்தனத்தோடு வந்து இறங்கினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு நேர்த்திக்கடன் என்றார். தெருவில் எல்லோருக்கும் பஞ்சாமிர்தம் கொடுத்தார். அன்று இரவு உணவின்போது அண்ணனையும் என்னையும் உட்காரவைத்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

“இது நம்ம மூணு பேரோட நிக்கணும்.”

நானும் தலையாட்டினேன்.

அப்போது நான் உத்தமபாளையத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தேன். சனிக்கிழமைகளில் அரை நாள் வேலை. வீடு திரும்பும் வழியில், கம்பம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில், மரத்தடுப்புப் போட்ட ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. மருத்துவமனைக் கோப்பில் இருந்த சொற்களுக்குப் பொருள் தேடித்தான் முதலில் அங்கே ஏறினேன். தேடிய இடத்தில் ஒரு மடற்குழு கிடைத்தது. புற்றுநோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் தமிழில் எழுதிக்கொள்ளும் குழு. ஒருவர் அனுப்பும் மடல் எல்லோருக்கும் போகும். சென்னை, சேலம், சிங்கப்பூர், வளைகுடா என்று எங்கெங்கோ இருந்தார்கள். வாய்ப்புண் வந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு அடுத்த சனிக்கிழமைக்குள் ஒன்பது பதில்கள் வந்திருந்தன. உப்புத் தண்ணீர், ஆறிய கஞ்சி, குளிர்ந்த மோர், காரமே கூடாது. அந்தப் பதில்களால் மதினி உண்மையிலேயே சாப்பிட்டார். எங்கிருந்து தெரிந்துகொண்டேன் என்று அவர் கேட்கவில்லை. படித்தவள் என்பதால் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்.

வாங்கிக்கொண்டே இருப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. நானும் கொடுக்க விரும்பினேன். என்னிடம் கொடுப்பதற்கு மதினி மட்டுமே இருந்தார்.

அறுவைக்குப் பின் இடது கை மேலே எழவில்லை. விரல்களைச் சுவரில் ஊர்ந்து ஏறவிட்டுப் பழகச் சொல்லியிருந்தார்கள். மதினிக்கு வீட்டுச் சுவர் பிடிக்கவில்லை. பந்தல் வேலை முழுக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்கிச் செய்யும் வேலை. கை எழாவிட்டால் தோட்டம் இல்லை. எனவே பந்தலைத் தாங்கும் கல்தூண் ஒன்றில் விரல்களை ஏற்றினார். கொடிக்குத் தெளிப்பதற்காகக் கரைத்து வைத்திருக்கும் மயில்துத்த நீரில் விரலை நனைத்து, அன்றைக்கு எட்டிய உயரத்தில் ஒரு நீலக் கோடு இழுப்பார். எங்கள் தோட்டம் பன்னீர்த் திராட்சை. வாய்க்கால் ஓரத்தில் மட்டும் அண்ணன் ஆசைக்கு வைத்த பச்சைத் திராட்சைக் கொடிகள் இரண்டு உண்டு. அந்தத் தூண் அவற்றுக்கு அடியில் இருந்தது.

இதை எழுதினேன். பழனி மொட்டையையும் எழுதினேன். பெயரோ ஊரோ போடவில்லை. ‘என் உறவினர் ஒருவர்’ என்றேன். நீலக் கோடுகளைப் பற்றிய மடலுக்கு வந்த நன்றிகளை நான் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். சேலத்துப் பெண் ஒருவர் தன் அம்மாவையும் முன்கூட்டியே கோயிலுக்கு அழைத்துப் போய் முடி இறக்கியதாகவும், கொத்துக்கொத்தாய்க் கொட்டும் கொடுமையை அம்மா பார்க்காமல் தப்பித்ததாகவும் எழுதினார். அது பொய்யான நன்மை அல்ல. ஆனால் பதினோரு மடல்களில் பாதியை நான் அந்த நன்றிக்காகவே எழுதினேன் என்பதும் உண்மை.

குழுவில் வளைகுடாவில் வேலை பார்த்த ஒருவர் தன் தாயாரின் நோய்க்காகச் சேர்ந்திருந்தார். அவர் எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்காரர். மனைவியின் வீடு சுருளிப்பட்டி. அது எனக்குத் தெரியாது. பன்னீர்த் தோட்டத்தில், வாய்க்கால் ஓரம், இரண்டே இரண்டு பச்சைக் கொடிகள். அவருக்குப் பெயர் எதற்கு? எங்கள் ஊரில் ஆளைப் பெயரால் கேட்டால் நான்கு பேரைக் காட்டுவார்கள். தோட்டத்தால் கேட்டால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். களப்பணிக்கு வந்த வெளியூர்க்காரர் இந்தத் தவறைச் செய்திருக்கலாம். அந்தத் தோட்டத்திலேயே வளர்ந்த நான் செய்தேன்.

அவர் நல்லெண்ணத்தில் மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னார்: அவர்களுக்கு உதவி தேவைப்படும், போய்ப் பார். அந்த அம்மாள், ரொட்டியும் ஹார்லிக்ஸும் ஆரஞ்சுப் பழமுமாக, உடன் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேராகத் தோட்டத்துக்கே வந்துவிட்டார். அன்று அறுவடை. நான்காம் ஊசி முடிந்து பதினாறு நாள். மதினி பந்தலுக்கு அடியில் மற்ற பெண்களோடு குலை நறுக்கிக்கொண்டிருந்தார். ஞாயிறு என்பதால் நானும் அங்கே கூடைகளுக்குத் தாள் விரித்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் மதினி, மாரு எடுத்தத எங்ககிட்டப் போயி மறைச்சீக?” என்று அந்த அம்மாள் எல்லோர் முன்னாலும் அழுதார். “எங்க வீட்டுக்காரரு கம்ப்யூட்டர்ல படிச்சுட்டுச் சொன்னாக. பழனிக்குப் போனது, இந்தத் தூணு, எல்லாம் போட்டிருக்காம்.”

எல்லோரும் தூணைப் பார்த்தார்கள். நீலக் கோடுகள் அவர்கள் தினமும் பார்த்தவைதாம். கூடைக் கணக்கென்று நினைத்திருந்தார்களாம்.

வேலைக்கு வந்திருந்தவர்களில் மூத்தவர்தான் முதலில் வாய் திறந்தார். அவர் நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“அப்ப அந்தப் பஞ்சாமிர்தம்? முருகனுக்கே கதை சொல்லிட்டு வந்து, அத எங்க வாயிலயும் ஊட்டுனியாக்கும்.”

மதினி அவரிடமிருந்து திரும்பி, என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டர் என்ற சொல் எங்கள் வீட்டில் யாரைக் குறிக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. கத்திரி என் காலடியில் விழுந்தது அப்போதுதான்.

அதன்பின் வந்த நாட்கள் நான் எதிர்பாராத விதத்தில் கடுமையாக இருந்தன. தொற்றும் நோய் அல்ல என்று எடுத்துச் சொன்னால் போதும் என நினைத்தேன். அதற்கான சொற்கள் என்னிடம் தயாராக இருந்தன. யாரும் அதைக் கேட்கவில்லை. மதினி குடித்த செம்பில் குடிக்காமல் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவர் குலையைத் தொட்டால், “நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கிருவோம்” என்றார்கள். அந்த மரியாதைதான் அவரை அதிகம் புண்படுத்தியது. தெருவில் பஞ்சாமிர்தப் பேச்சு நிற்கவே இல்லை. அண்ணன் என்னிடம் சோறு கேட்கக்கூட வாய் திறக்காமல் தட்டை மட்டும் நீட்டினார்.

ஐந்தாம் ஊசிக்கு முந்தின நாள், இரத்தப் பரிசோதனைக்குக் கிளம்ப வேண்டிய காலையில், மதினி பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருந்தார். கதவருகே நின்று, நேரமாகிறது என்றேன்.

“போகல.”

“மதினி, ரெண்டே ரெண்டுதான் பாக்கி.”

“எதுக்குப் போகணும்? ஊர்ல எனக்கு நாள் குறிச்சுட்டாக. வர்றவுக எல்லாம் கடைசியாப் பாக்குற மாதிரிப் பாத்துட்டுப் போறாக. நீதான கூப்புட்டு விட்ட?”

“பேரு போடல மதினி.”

“எம் பேரு கெடக்கட்டும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? நான் செத்தா போயிட்டேன்?”

அன்று அவர் மதுரைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. 

சனிக்கிழமை நான் மறுபடியும் அந்த மாடிப்படி ஏறி, நடந்ததை எல்லாம் குழுவுக்கு எழுதினேன். உதவி கேட்டதாகத்தான் அப்போது நம்பினேன். சென்டரிலேயே இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். பதில்கள் வந்துகொண்டே இருந்தன. நீங்கள் நல்லதுதானே நினைத்தீர்கள், மனம் தளராதீர்கள், கிராமத்தார் அறியாமை, காலம் மாறும் என்றார்கள். ஒவ்வொன்றும் இதமாக இருந்தது. ஒவ்வொன்றும் என்னைப் பற்றியே இருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்மணியின் மடல் வரும்வரை அப்படித்தான் இருந்தேன். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இரண்டாம் முறை நோய் திரும்பி, சிகிச்சையில் இருந்தவர். குழுவில் அவரைக் கண்டால் எல்லோருக்கும் சற்றுப் பயம்.

“உங்களுக்கு ஆறுதல் வேண்டியிருக்கிறது. நான் தரமாட்டேன்” என்று தொடங்கியிருந்தார். “நீங்கள் எங்களிடம் வந்து அழுகிறீர்கள். அவர் யாரிடம் போய் அழுவார்? அவருடைய மருந்துக்கு நாள் தள்ளிப்போகிறது. நீங்கள் கணினி முன் உட்கார்ந்திருக்கிறீர்கள். என் எண்ணை அவரிடம் கொடுங்கள். விருப்பமிருந்தால் பேசட்டும். பேசும்போது நீங்கள் அங்கே நிற்கக் கூடாது.”

நான் கோபத்தோடுதான் வீடு திரும்பினேன். பேருந்து முழுக்க அவருக்கான பதிலை மனத்துக்குள் எழுதிக்கொண்டே வந்தேன். இறங்கியபோது அந்தப் பதிலில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

எண் எழுதிய தாளை மதினியின் முன் வைத்தேன். யார் என்று கேட்டார். சொன்னேன். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, “போட்டுக் குடு” என்று கையை நீட்டினார். அண்ணனின் செல்பேசியில் எண்ணை அழுத்திக் கொடுத்தேன். நலம் விசாரிப்பு எதுவும் நடக்கவில்லை.

“ஒங்களுக்கு எத்தன எடுத்தாக?” என்றார் மதினி. அங்கிருந்து வந்த பதிலைக் கேட்டு, “ரெண்டுமா?” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வெளியே போனேன், வாய்க்கால்வரை நடந்தேன். திரும்பி வந்தபோது அவர் உலை வைத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை முதல் பேருந்தில் மதினி மதுரைக்குப் போனார். அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டார். நானும் வரட்டுமா என்று கேட்டதற்கு, “நீ வந்தா அதையும் எழுதுவ” என்றார். ஊசி நான்கு நாள் தாமதமாகப் போடப்பட்டது.

ஆறாம் ஊசியும் முடிந்த இரண்டாம் மாதம், ஒரு சனிக்கிழமை, நான் வேலை விட்டு வந்து கம்பத்தில் இறங்கியபோது பேருந்து நிலையத்தில் மதினி நின்றிருந்தார். தலையில் முக்காடு இல்லை. அரை அங்குலம் முடி முளைத்திருந்தது.

“அந்தக் கடை எங்கன இருக்கு? காட்டு.”

படியேறினோம். எட்டாவதுவரை படித்தவர், திரையில் விரல் வைத்து, என் பதினோரு மடல்களையும் அவரே படித்தார். நான் பக்கத்தில் நின்றேன். மொட்டையைப் பற்றிய மடலில், “நான் கதை சொல்லல. முடிய முருகனுக்குத்தான் குடுத்தேன்” என்று திரையிடமே சொன்னார். நீலக் கோடுகளைப் பற்றிய மடலில் விரல் ஓர் இடத்தில் நின்றது. ‘பச்சைக் கொடிக்கு அடியில் அவர் சத்தமின்றி அழுதார்’ என்று எழுதியிருந்தேன்.

“இது யாரு?”

“நீங்கதான் மதினி. மொதக் கோடு போட்ட அன்னைக்கு.”

“நான் அழுதேனாக்கும். துத்தத் தண்ணி கண்ணுல பட்டுச்சு. எல்லாருக்கும் படுறதுதான்.” விரலை எடுக்கவே இல்லை. “இத மாத்து.”

அனுப்பிய மடலை மாற்ற முடியாது என்றேன். அது அத்தனை பேரிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது என்றேன். மதினி நாற்காலியில் சாய்ந்து என்னை ஏறிட்டுப் பார்த்தார். தோட்டத்தில் பார்த்த பார்வையைவிட அது மோசமாக இருந்தது. அப்போதாவது கோபம் இருந்தது.

“அப்ப நான் சொல்றத எழுது” என்றார்.

அவர் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அழவில்லை என்பது முதல் வரி. கை இப்போது பந்தல் கம்பியைத் தொடுகிறது என்பது இரண்டாவது. மூன்றாவது, வளைகுடாக்காரருக்கு: “தம்பி, ஒங்க அம்மாவுக்குச் சொகமாகட்டும். ஒங்க வீட்டுக்காரிய மட்டும் இனிமே எங்க தோட்டத்துப் பக்கம் அனுப்பாதீக.” மன்னிப்புக் கேட்டு நான் ஒரு வரி சேர்க்கட்டுமா என்றேன். அது உன் சொந்த மடல், தனியாக எழுது என்றார். அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார்.

அதன்பின் அந்தக் குழுவுக்கு அவர் சொல்லாத ஒரு வரியையும் நான் அனுப்பவில்லை. களப்பணி அறிக்கைகளையும் சம்பந்தப்பட்டவருக்குப் படித்துக் காட்டிய பிறகே அலுவலகத்தில் கொடுக்கிறேன்; அதனால் என் அறிக்கைகள் எப்போதும் தாமதமாகவே போகின்றன. மதினி மாதம் ஒருமுறை அந்த மாடிக்கு என்னோடு வந்து மற்றவர்களுக்குப் பதில் சொன்னார். வீட்டில் மட்டும் இன்றும் என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை.