பின்பக்கத்தில் தொடங்கிய கதை

எனக்கு ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. தெரியும் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி ஒரு பெண் தனக்கு வந்த கலியாணத்தை வேண்டாம் என்றாள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு முழுப் பகல் கிடைத்தது... நான் சொல்லவில்லை.

இது என் கணவருக்கும் தெரியாது. நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன். அறிந்தவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

ஊரில் சண்டைக்குத் தப்பிக் கனடாவுக்கு வந்த நாங்கள், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்காபரோவில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் தளத்தில் குடியிருந்தோம். நகரத்துக்குள் ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் எனக்கு வேலை. இறால் உரிப்பேன், வெள்ளரிக்காய் சீவுவேன், கோப்பை கழுவுவேன். அங்கே பரிமாற வந்த ஜப்பானிய மாணவிகள், நாடு திரும்பும்போது வேண்டாத பொருட்களை ஓர் அலுமாரியில் விட்டுப் போவார்கள். அதிலிருந்துதான் அந்தப் புத்தகத்தை எடுத்தேன்.

தடித்த புத்தகம், முழுவதும் படக்கதை. இரண்டு அட்டைகளிலும் படம் இருந்தது. வரைந்தவர் ஒரு பெண் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் அவள் வரைந்த கண்கள்... ஒரு சொல்லும் விளங்காமல், பேருந்தில் இருந்தபடியே அந்தக் கண்களைப் பார்த்து அழுதேன்.

தமிழ்ப் புத்தகத்தைத் திறப்பதுபோலத்தான் அதைத் திறந்தேன். வேறெப்படித் திறப்பேன்? முதலில் படமில்லாமல் இரண்டு பக்கம் எழுத்து. பிறகு ஒரு துறைமுகம். கட்டை முடியோடு ஒரு பெண் நடக்கிறாள், பிறகு கரையில் நிற்கிறாள், கப்பலில் ஒருவன் போகிறான். அடுத்து அவளே கையில் கத்தரிக்கோலோடு கண்ணாடி முன் இருக்கிறாள். அதன்பின் அவளுக்கு நீண்ட கூந்தல். கடிதங்கள், மழை, அழுகை... கடைசியில் அவளும் அவனும் ஒரே குடைக்குள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பிரிந்தவன் வந்துவிட்டான் என்று எனக்கு அப்படியொரு ஆறுதல்!

சில பக்கங்களின் மூலையில் இலக்கங்கள் இருந்தன. அவை இறங்கிக்கொண்டே போயின. ஜப்பான்காரர் அப்படித்தான் எண்ணுவார்கள் போலும் என்று விட்டுவிட்டேன். உண்மையாகவே அப்படி நினைத்தேனா, இல்லை, பார்க்க விரும்பவில்லையா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வெள்ளைத் தாளைச் சிறு துண்டுகளாக வெட்டி, வசனங்களை நானே கற்பனை செய்து எழுதி, மேல் விளிம்பில் மட்டும் பசை தடவி ஒவ்வொரு படத்திலும் ஒட்டினேன். கத்தரிக்கோல் படத்துக்குத்தான் பொருள் பிடிபடவில்லை. "நீ வரும்வரை இனி என் முடியை வெட்டமாட்டேன்" என்று எழுதினேன். முதலிரண்டு பக்க எழுத்தை முன்னுரை ஆக்கினேன். "இது உண்மைக் கதை. இருவரும் இன்று நலமாக வாழ்கிறார்கள்." யார் என்னை அப்படி எழுதச் சொன்னார்கள்?

எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பெண்கள் அங்கேதான் கூடுவார்கள். மெஷின் சுற்றி முடியும் வரைக்கும் என் புத்தகம் கைக்குக் கை மாறியது. ஐந்தாம் தளத்து ராசம் அன்ரி, உடுப்புத் தோய்ந்து முடிந்ததுகூடத் தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசித்தார்.

"இதை வரைஞ்ச ஆளுக்கு எங்கட கதை ஆர் சொன்னது?" என்றார்.

"நீங்கள் எங்கை அக்கா ஜப்பான் பாசை படிச்சனீங்கள்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வேலையிடத்திலைதான். கேட்டுக் கேட்டுப் பழகினது" என்றேன்.

அன்றிலிருந்து நான் ஜப்பான் அக்கா. வாரம் ஆறு நாள் இறால் கோது உரித்த கைக்கு அந்தப் பெயர் எவ்வளவு இனித்தது தெரியுமா? உங்களுக்கு அது அற்பமாகத் தோன்றலாம். எனக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

சுகந்தி ஏழாம் தளத்தில் தன் தமையன் குடும்பத்தோடு இருந்தாள். இருபத்தாறு வயது. ஊரிலேயே குகன் என்பவனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அவன் கனடா வருவதற்காக, ஆட்களைக் களவாய் எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டவன். மொஸ்கோவில் இருந்து ஒரு கடிதம் வந்தது. அதன்பின் இரண்டு வருடமாக ஒன்றுமில்லை. அவள் என் புத்தகத்தை மூன்று தடவை இரவல் வாங்கினாள். தோளளவு வெட்டியிருந்த முடியை வளர்க்கத் தொடங்கினாள். நான் கவனித்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு மில்லிக்கனில் வீடு, ஒஷாவாவில் வேலை. கோயிலில் அவளைக் கண்டு, மனதுக்குப் பிடித்துப்போய், அவள் தமையனிடம் அவனே வந்து பேசியிருந்தான். "அவசரமில்லை, அவ ஆறுதலா யோசிக்கட்டும்" என்றானாம். நல்ல மனிதன். சுகந்தி ஒரு கிழமை தவணை கேட்டாள்.

அந்தக் கிழமையின் சனிக்கிழமை, யுகி என்ற புதிய மாணவி பரிமாற வந்தாள். அவளிடமும் பாராட்டு வாங்கலாம் என்று என் புத்தகத்தைக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே அதை என் கையிலிருந்து வாங்கி, மறுபக்கம் புரட்டி, பின்னட்டை என்று நான் நினைத்திருந்ததைத் திறந்தாள்.

ஜப்பானியப் புத்தகம் அங்கிருந்துதான் தொடங்குமாம். வலமிருந்து இடமாக.

குடைக்குள் நின்றது முதல் சந்திப்பு. கப்பலில் போனது கடைசிப் பிரிவு. அவன் திரும்பி வரவேயில்லை. அவன் புறப்படுமுன்பே அவள் கண்ணாடி முன் அமர்ந்து தன் நீண்ட கூந்தலை வெட்டி எறிகிறாள், பிறகு கப்பலில் அவனைப் போகவிட்டு வீட்டுக்கு நடக்கிறாள். அதுதான் கதை.

என் "முன்னுரை"த் தாளையும் யுகி தூக்கிப் பார்த்தாள். அது வரைந்தவள் கடைசியில் எழுதிய குறிப்பு. வாசகிகள் கடிதம் கடிதமாக எழுதி அவளை ஏசினார்களாம், இருவரையும் சேர்த்துவை என்று மன்றாடினார்களாம். அவள் பதில் சொல்லியிருந்தாள்: 'நானும் அழுதுகொண்டுதான் வரைந்தேன். ஆனால், அவளைச் சாகும்வரை அந்தக் கரையிலேயே நிற்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.'

அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கு வந்தது.

மறுநாள் ஞாயிறு. தோய்க்கும் அறையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். சுகந்தி நேரே என்னிடம் வந்தாள்.

"அக்கா, நாளைக்கு அண்ணைக்கு மறுமொழி சொல்ல வேணும். ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. அந்த முன்னுரையிலை உண்மையாவே அப்பிடித்தான் போட்டிருக்கோ? அவன் திரும்பி வந்தவனோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராசம் அன்ரியும் உடுப்பு மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ஓம்" என்றேன். "அப்பிடித்தான் போட்டிருக்கு."

சரி, கூட்டத்தில் வெட்கம் என்று சொல்லலாம். பிறகு நாங்கள் இருவரும் மட்டும்தானே லிஃப்ற்றில் ஏறினோம்? நிலக்கீழ்த் தளத்திலிருந்து ஏழாம் தளம் வரை... அப்போது என் வாயை யார் பொத்தினார்கள்? அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு, "வாறன் அக்கா" என்று இறங்கிப் போனாள். நானும் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை அவள் அந்தச் சம்பந்தத்தை வேண்டாம் என்றாள். தமையன் மாதக்கணக்கில் அவளோடு கதைக்கவில்லை. மாப்பிள்ளை அடுத்த தைக்குள் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். இப்போது இரண்டு பிள்ளைகள். கோயிலில் காண்கிறேன், மனைவியின் செருப்பையும் அவனே எடுத்துக் கொடுக்கிறான்.

குகனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அவள் எப்படியும் காத்திருந்திருப்பாள், உன் புத்தகமா காரணம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன், கனகாலம். ஆனால் அவள் என்னிடம் வந்து கேட்டாளே... முடிவெடுத்தவள் எதற்குக் கேட்கிறாள்?

இப்போது சொல்லலாம்தானே என்பீர்கள். சொன்னால் போன வருடங்கள் வருமா? அவளிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கதை ஒன்றுதான். அதையும் பறிப்பதா? இப்படிக் கேட்பது அவளுக்காகவா, எனக்காகவா என்றும் தெரியவில்லை. புத்தகம் தொலைந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது என் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.

போன ஞாயிறு சுகந்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். முப்பத்து மூன்று வயதாகிறது. குசினிக் கதிரையில் முதுகைக் காட்டி அமர்ந்து பின்னலை அவிழ்த்தாள். முடி இடுப்புக்குக் கீழே இறங்கியது. காதோரத்தில் நரை. கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினாள்.

"நுனி வெடிச்சுப் போச்சு அக்கா. ஒரு அங்குலம் மட்டும் வெட்டிவிடுங்கோ."

"இன்னும் கொஞ்சம் வெட்டட்டே? கழுத்துக்குப் பாரமெல்லே" என்றேன்.

"ஐயோ வேண்டாம்" என்று சிரித்தாள். "உங்களுக்குத்தானே அந்தக் கதை தெரியும்."

ஒரு அங்குலம் அளந்து வெட்டினேன்.