நிலாக் கலத்துக்குப் போர்வை தைத்தவர்

பிப்ரவரி 11: தங்க நிறப் படலம், 60 மீட்டர்.
பிப்ரவரி 26: மேலும் 60 மீட்டர். நூல், 4 கண்டு.
மார்ச் 9: தையல்காரருக்குக் கூலி, 7,800.
ஏப்ரல் 3: கிழிந்தது, 18 மீட்டர்.

ஸ்டோர் கணக்கில் அந்தக் கடைசி வரியை எழுதியதும் நான்தான். நிலாவைச் சுற்றிவர நாங்கள் முதன்முதலாக அனுப்பவிருந்த ஆளில்லாக் கலத்துக்கு, வெயிலும் குளிரும் தாக்காமலிருக்க ஒரு போர்வை வேண்டும். படலத்தைப் பல அடுக்காக வைத்துக் கையால் தைக்க வேண்டும். அதற்குத் தினக்கூலியில் வந்தவர், அதுவரை பஸ் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தவர். எங்கள் எல்லாருக்கும் அக்கா. போர்வை தேறினால் வேலை நிரந்தரம் என்று பேச்சு.

அக்காவின் தையலில் எறும்பு நுழைய இடமிராது. அதுவே வினையானது. வரைபடத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். தையல் குறி என்று நினைத்து, புள்ளிதோறும் ஒரு தையல் போட்டுவிட்டார். காற்றை உறிஞ்சியெடுக்கும் சோதனை அறையில், அடுக்குக்குள் மாட்டிய காற்று வெளியேற வழியின்றிப் போர்வை உப்பிக் கிழிந்தது.

எங்கள் பொறியாளர் வேலையை வெளியாளிடம் கொடுத்துவிடலாமா என்று யோசித்தார். அக்கா கிழிசலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“புள்ளின்னா ஓட்டைன்னு யாராவது சொல்லியிருக்கலாம்ல? நல்லாத் தைச்சதுதான் தப்பாப் போச்சு. குடுங்க சார், கொஞ்சம் மோசமாத் தைச்சுத் தரேன்.”

பொறியாளர் சிரித்துவிட்டார். சொல்லாமல் விட்டது தன் தப்பும்தான் என்று மூன்று வாரம் கொடுத்தார்.

மாலையில் அக்காவைக் கூட்டிப்போக வரும் கணவர், பஸ் டிரைவர், வாசலில் நின்று கேலி பேசினார். “ஓட்டை போடக் கூலியா? என் பழைய பனியனை எடுத்துக்கோயேன்.”

“அதுல ஓட்டைக்கு நடுவுல பனியன் இருக்கு. எனக்கு வேண்டியது பனியனுக்கு நடுவுல ஓட்டை.”

இரண்டாவது போர்வை உப்பவில்லை. ஜூலையில் கலம் கிளம்பியது. அது நிலாவைச் சுற்றத் தொடங்கிய அன்று எல்லாரும் கைதட்ட, அக்கா மட்டும் உள்ளே சூடு எவ்வளவு என்று கேட்டார். இருபத்திரண்டு டிகிரி, தன் அறையைவிடக் குளிர்ச்சி என்றார் பொறியாளர். அப்படியானால் அந்த அறைக்கும் ஒன்று தைத்துவிடலாம் என்றார் அக்கா.

வேலை நிரந்தரமாவது மட்டும் இழுத்துக்கொண்டே போனது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த முதல் கடிதம் தையல் படித்த சான்றிதழ் கேட்டது. அடுத்தது, ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று கேட்டது. பொறியாளர் ஒரே வரியில் பதில் எழுதினார்: “சான்று நிலாவைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.”

நியமன உத்தரவு வந்து சேர்ந்தது நவம்பர் 19.