சவரியம்மாளின் விடுப்பு விண்ணப்பம்

மன்னார்குடியின் பெருமைகளைச் சொல்லத் தொடங்குபவர்கள் கோயிலைச் சொல்வார்கள், தெப்பக்குளத்தைச் சொல்வார்கள், நேரம் இருந்தால் தங்கள் மைத்துனர் அமெரிக்காவில் வாங்கிய வீட்டையும் சொல்வார்கள். ஜெரால்டைச் சொல்ல மாட்டார்கள். பாமணி ஆற்றுப் பாலம் தாண்டி, வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் மாடி வீட்டில் நாலு வருடமாக அவர் நாட்டுக்கு ஆற்றிவந்த தொண்டு அடுத்த வீட்டுக்கே தெரியாது. அடுத்த வீட்டு இராஜாங்கம், மாடியறையில் இந்த மனிதர் தனியாகப் பேசிக்கொள்வதைப் பலமுறை கேட்டுவிட்டு, ஒரு நடை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போய் வந்தால் தேவலை என்று வீட்டாரிடம் அன்போடு யோசனை சொன்னார்.

தொண்டு இதுதான். பெரிய கம்பெனிகள் தங்கள் அலுவலக வேலைகளுக்கு வேண்டிய செயலிகளைக் கட்டிக்கொள்ளும் தளம் ஒன்று இருக்கிறது. அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் வழக்கு வரும் என்ற பயம் இல்லை, சொன்னாலும் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தத் தளத்தில் வேலை பழகும் பிள்ளைகளுக்கு அதன் முதலாளிகளே காணொளிப் பாடங்கள் போட்டிருக்கிறார்கள். அதில் வரும் வெள்ளைக்காரர் எதை எடுத்தாலும் 'சிம்பிள்' என்பார். அவர் அப்படிச் சொன்ன ஒவ்வோர் இடத்திலும் திருவாரூர் மாவட்டத்துப் பொறியியல் பட்டதாரி ஒருவர் அழுதிருக்கிறார். அந்தக் கண்ணீரைத் துடைக்கத் தமிழில் பாடம் நடத்தியவர் ஜெரால்ட்.

அதற்கு முன் பதினான்கு வருடம் சென்னையில் இதே தளத்தில் செயலி கட்டும் வேலை பார்த்தார். அவருடைய கம்பெனி ஒரு நாள் தன்னை மறுசீரமைத்துக்கொண்டது. சீரமைத்து முடித்துப் பார்த்தால் ஜெரால்டின் நாற்காலியைக் காணோம். மனைவி சவரியம்மாள் மன்னார்குடியில் உதவிபெறும் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஆகவே ஊருக்கு வந்தார், வெளிச்சத்தம் குறைய ஜன்னலில் மெத்தையைத் தொங்கவிட்டார், மைக் வாங்கினார், பேச ஆரம்பித்தார். சென்னையில் பயிற்சி நிலையம் நடத்தும் வெங்கி அந்தப் பாடங்களைத் தன் இணையப் பக்கத்தில் ஏற்றினான்.

ஜெரால்டின் பாடங்களுக்கு ஒரு கொள்கை உண்டு. மற்றவர்கள் தப்பு வந்தால் வெட்டி எறிந்துவிட்டு, பிறக்கும்போதே எல்லாம் தெரிந்தவர்கள்போலத் திரையில் தோன்றுவார்கள். இவர் வெட்ட மாட்டார். "தப்பு வந்தா ஓடிப்போகக் கூடாது. எப்படிச் சரிபண்றோம்னு பாக்கிறதுதான் பாடம்" என்பார். பின்னணியில் சேவல் கூவும், அறுவடை மிஷின் தெருவை நடுங்க வைத்துக்கொண்டு போகும், குக்கர் விசில் விடும். "இது டெல்டா. இப்ப அறுவடை. பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போவார்.

பாடத்துக்கு ஒரு மாதிரிச் செயலி வேண்டுமே. ஊழியர்கள் விடுப்புக்கு விண்ணப்பிப்பார்கள், மேலாளர் அனுமதிப்பார் அல்லது மறுப்பார். உலகத்தில் எல்லாப் பயிற்சியாளர்களும் பிடித்துக்கொள்ளும் அதே செயலிதான். சோதனைக்கு ஓர் ஊழியர் பெயர் வேண்டியிருந்தது. ஜெரால்ட் மனைவி பெயரைத் தட்டினார்.

தேநீர் கொண்டுவந்த சவரியம்மாள் திரையைப் பார்த்துவிட்டாள். "ஏங்க, ஊர்ல வேற பேரே கெடைக்கலியா? எங்கப்பா வச்ச பேர நானே வெளிய சொல்றதில்ல. எல்லாருகிட்டயும் சவரின்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"நீளமான பேரா இருந்தாத்தான் கட்டத்துக்குள்ள அடங்குதான்னு பாக்க முடியும்."

"நல்லா அடங்குச்சா?"

"இல்ல, வெளிய வருது."

"அது சரி. பேருக்காவது அந்தத் தைரியம் இருக்கே."

இப்படியாக சவரியம்மாள் கணினி உலகில் நுழைந்தாள். மாணவர்கள் பாடத்தை அச்சு பிசகாமல் பார்த்து எழுதுபவர்கள்; எனவே ஓசூரில் ஒரு சவரியம்மாள் விடுப்பு கேட்டாள், புனேயில் ஒருத்தி கேட்டாள், துபாயில் இரண்டு பேர் கேட்டார்கள். நீடாமங்கலத்துக்கு ரயிலேறப் போவதையே பெரும் பயணமாக நினைத்த ஒரு டீச்சருக்கு இது சிறிய உயர்வு அல்ல.

செயலியின் சட்டதிட்டங்களும் அவள் சொன்னவைதான். விடுப்பு விஷயத்தில் பள்ளிக்கூட ஆசிரியைக்குத் தெரியாததைப் பெருநிறுவனங்கள் எங்கே கண்டன? "முடிஞ்சுபோன நாளுக்கு லீவு லெட்டர் குடுத்தா எங்க ஹெச்.எம். சிஸ்டர் கையால தொடமாட்டாங்க" என்று ஒருமுறை சொன்னாள். அதை அப்படியே இருபத்திமூன்றாம் பாடமாக்கினார் ஜெரால்ட். பழைய தேதியோடு யாராவது விண்ணப்பத்தைச் சேமிக்க முயன்றால் சிவப்பில் ஓர் அறிவிப்பு வரும். அதன் வாசகத்தையும் அவளிடமே கேட்டார். அவள் கரும்பலகைத் தமிழில் சொன்னாள்: 'கடந்துபோன நாளுக்கு விடுப்பு வழங்க இயலாது.' விண்ணப்பத்தை முதன்முறை உண்டாக்கும்போது மட்டும் இந்த விதி ஓடினால் போதும். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஓடட்டும் என்று வைத்தார் ஜெரால்ட். பாதுகாப்புக்கு அது நல்லது என்று மூன்று நிமிடம் விளக்கமும் சொன்னார்.

2023 பிப்ரவரி முதல் சவரியம்மாளுக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. தேநீர் மாடிக்கு வருவது நின்று, கீழிருந்து குரல் மட்டும் வந்தது. உள்ளூர் டாக்டர், தஞ்சாவூர் போய் இருதயத்துக்கு எக்கோ எடுத்துவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். திருச்சியில் நர்சிங் படிக்கும் மகள் ஆஷ்லின் தினமும் போனில் கத்தினாள். சவரியம்மாள் மார்ச் 14, செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்துக்கொண்டு, தானே மாடியேறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, செவ்வாக்கெழம தஞ்சாவூர் போணும். நீங்களும் வரணும். தனியா போக ஒரு மாதிரி இருக்கு."

ஜெரால்ட் அப்போது நாற்பத்தொன்றாம் பாடத்தில் இருந்தார். விண்ணப்பம் அனுப்புவதைச் செய்துகாட்ட வேண்டும். மைக் ஓடிக்கொண்டிருந்தது. கொள்கைப்படி எதையும் வெட்டுவதற்கில்லை. சிரித்துக்கொண்டே, அவள் சொன்னதைத் தட்டினார். பெயர்: சவரியம்மாள். நாள்: மார்ச் 14. காரணம்: மருத்துவப் பரிசோதனை. அனுப்பு என்ற பொத்தானை அமுக்கினார். நிலை என்ற கட்டத்தில் மஞ்சள் நிறத்தில் 'பெண்டிங்' என்று வந்தது.

"பாத்துக்க சவரி. உன் ரிக்வஸ்ட் மேனேஜர்கிட்ட வந்துருச்சு. பெண்டிங்ல இருக்கு."

"மேனேஜரு எப்ப அப்ரூவ் பண்ணுவாராம்?"

"அது நாப்பத்திரண்டாம் பாடம்."

அவளும் சிரித்தாள். பாதியில் இருமல் வந்தது. அந்தப் பாடத்தின் கடைசி அரை நிமிடத்தை இன்றும் பார்க்கலாம். கீழே பதினெட்டுப் பேர் சிரிப்புப் படம் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அந்தத் தளத்தை நடத்தும் முதலாளிகள் பெரும் முன்னேற்றம் ஒன்றை அறிவித்தார்கள். வலப்பக்கம் இருந்த நீலப் பொத்தான்களை எல்லாம் இடப்பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். மனித குலம் இதனால் அடைந்த பயன் இதுவரை கணக்கிடப்படவில்லை. ஆனால் ஜெரால்டின் முப்பத்தெட்டு முதல் நாற்பத்தொன்று வரை எல்லாப் பாடங்களிலும் பொத்தான் தப்பான இடத்தில் இருந்தது. சவரியின் சிரிப்பு இருந்த நாற்பத்தொன்றை மட்டும் அப்படியே விட்டுவிட்டு மற்ற மூன்றையும் புதிதாகப் பதிவுசெய்ய உட்கார்ந்தார்.

"அடுத்த வாரம் போயிருவோம் சவரி. இந்தப் பொத்தான் சனியன் முடியட்டும்."

"சரிங்க" என்றாள். பள்ளியில் வாங்கியிருந்த விடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போனாள். வெள்ளிக்கிழமை காலை, பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்கும்போது தூணோரமாக உட்கார்ந்தாள். டீச்சர் உட்காரக் கூடாதே என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. அவள் எழுந்திருக்கவில்லை. வயது நாற்பத்துநாலு.

நாற்பத்திரண்டாம் பாடம் வரவில்லை.

ஏப்ரல் போனது, மே போனது. பாடங்களுக்குக் கீழே கேள்விகள் சேர்ந்தன. 'சார், சவரியம்மாள் லீவ் பெண்டிங்லயே நிக்குது.' 'சார், அப்ரூவ் பட்டன் எங்க வைக்கணும்?' விஷயம் தெரியாதவர்களின் விசாரிப்பு இது. ஆளுக்கு ஒரு சவரியம்மாள் அவரவர் கணினியில் காத்திருந்தாள். எந்தக் கேள்விக்கும் அன்றைக்கே பதில் போடும் ஜெரால்ட், வரும் கேள்விகளை எல்லாம் படித்துவிட்டு, கணினியை மூடி, மெத்தை தொங்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஜூலையில் கூத்தாநல்லூரிலிருந்து ஒரு போன். சைத்தூன் பீவி என்ற மாணவி. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தவள். வெங்கியிடம் கெஞ்சி எண்ணை வாங்கியிருந்தாள்.

"சார், கோச்சுக்காதீங்க. திங்கக்கெழம நான் செஞ்ச செயலிய கம்பெனிக்காரங்ககிட்ட ஓட்டிக் காட்டணும். எல்லாம் முடிச்சுட்டேன், அப்ரூவல் மட்டும் வரல. அந்தம்மாவுக்கு எப்பதான் சார் லீவு குடுக்கப் போறீங்க? பாவம், ஆஸ்பத்திரிக்குப் போகக் கேக்குறாங்க."

ஜெரால்ட் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"நான் எதுவும் தப்பா கேட்டுட்டேனா சார்?"

"இல்லம்மா. சரியாத்தான் கேட்டீங்க."

அன்று மாலையே வெங்கியும் பேசினான். பாவம், நல்ல பையன். துக்கத்துக்கு வந்து இரண்டு நாள் இருந்து, பந்தல்காரனிடம் பேரம் பேசியவன்.

"சார், உங்கள வற்புறுத்தல. இப்பல்லாம் எழுதிக் குடுத்தா மிஷினே பேசிடுது. உங்க குரல் மாதிரியே வருது. நாப்பத்திரண்ட நானே நாளைக்கு முடிச்சுப் போட்டுர்றேன். வெறும் அப்ரூவல் பட்டன்தானே சார். நீங்க ரெஸ்ட் எடுங்க."

ஜெரால்ட் போனை வைத்துவிட்டுக் கீழே வந்தார். விடுமுறைக்கு வந்திருந்த ஆஷ்லின் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வெங்கி மிஷின வச்சு அந்தப் பாடத்தப் போடப்போறானாம்."

"போடட்டுமே. ஒரு பொத்தான்தானே."

"அவன் அமுக்கக் கூடாதும்மா."

ஆஷ்லின் நிமிரவில்லை. "அம்மா கேட்டப்ப நீங்களும்தான் அமுக்கல."

அவள் நாலு துணிகளை மடித்தாள். ஐந்தாவது அம்மாவின் பள்ளிக்கூடப் புடவை. அதை மட்டும் மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"காலையில பதினோரு மணிக்குப் பேசுங்க" என்றாள் கடைசியில். "மோட்டார் போடாம நான் பாத்துக்கறேன்."

மறுநாள் பதினோரு மணிக்கு மைக் ஓடத் தொடங்கியது. குறுவை நடவுக்காகப் பின்னால் வயலில் டிராக்டர் சேறடித்துக்கொண்டிருந்தது. அதை ஆஷ்லினாலும் நிறுத்த முடியவில்லை. "வணக்கம். நாலு மாசமா பாடம் வரல. சொந்தக் காரணம்" என்று தொடங்கினார் ஜெரால்ட். மேலாளர் பக்கத்தைக் கட்டினார். அப்ரூவ், ரிஜெக்ட் என்று இரண்டு பொத்தான்கள் வைத்தார், இடப்பக்கத்தில். பட்டியலைத் திறந்தார். முதல் வரியில் சவரியம்மாள் நின்றாள். மஞ்சள் நிறம்.

"இப்ப... அப்ரூவ் பண்றோம்" என்றார். அமுக்கினார்.

திரையில் சிவப்பாக வந்தது: 'கடந்துபோன நாளுக்கு விடுப்பு வழங்க இயலாது.'

பாடத்தின் ஏழாவது நிமிடத்திலிருந்து ஐம்பது வினாடிக்கு டிராக்டர் சத்தம் மட்டும்தான் கேட்கும். இணைப்பு போய்விட்டது என்று நினைத்துப் பலர் அங்கே பாடத்தை மூடித் திறந்திருக்கிறார்கள். பிறகு அவர் குரல் வருகிறது. வாத்தியார் குரல்தான், கொஞ்சம் மெல்லியதாக.

"இது என் தப்பு. இருபத்திமூணாம் பாடத்துல இந்த ரூல எல்லா சேவுக்கும் போட்டுட்டேன். அப்ரூவ் பண்றதும் ஒரு சேவ்தான். புதுசா விண்ணப்பம் போடறப்ப மட்டும்தான் ஓடணும். வந்து காத்துக்கிட்டிருக்கிற விண்ணப்பத்துமேல ஓடக் கூடாது. எப்படி மாத்தறதுன்னு பாருங்க."

மாற்றிக் காட்டினார். நிதானமாக, வரி வரியாக. சேமித்தார். மறுபடி பட்டியலைத் திறந்தார். இப்போது எந்தத் தடையும் இல்லை. அம்புக்குறி முதல் வரிக்கு நேராக, அப்ரூவ் பொத்தான்மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது. கதவருகே நின்ற ஆஷ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதை இப்ப அப்ரூவ் பண்ணலாம். பதிவுல ஏறிடும்" என்றார் ஜெரால்ட். "லீவு வராது. அந்த நாள் போயிடுச்சு."

அம்புக்குறி விலகியது. டெஸ்ட்1 என்ற பெயரில் ஒரு புது ஊழியரை உண்டாக்கினார். அடுத்த வாரத் தேதி போட்டார். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். அமுக்கினார். பச்சை நிறம் வந்தது. "இவ்வளவுதான் பாடம்" என்று முடித்தார். எதையும் வெட்டவில்லை.

சைத்தூன் பீவிக்கு வேலை கிடைத்தது. அவள் நன்றி சொல்லி அழைத்தபோது ஆஷ்லின்தான் எடுத்தாள். ஆஷ்லினிடமிருந்து விவரம் தெரிந்துகொண்ட சைத்தூன் அப்புறம் அழைக்கவில்லை. நாற்பத்திரண்டாம் பாடம் மற்றவற்றைவிட நன்றாக ஓடுகிறது. கீழே நாற்பதுக்கு மேல் கேள்விகள், எல்லாவற்றுக்கும் ஜெரால்ட் அன்றைக்கன்றே பதில் போட்டிருக்கிறார். ஒன்றுக்கு மட்டும் பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. யாரோ நொய்டாவிலிருந்து கேட்டிருந்தார்:

'சார், உங்க ஸ்கிரீன்ல முதல் வரி இன்னும் பெண்டிங்லயே இருக்கு. அது பிழையா?'

'ஆமாம், என் பிழை. உங்களுடையதை உடனே சரிசெய்துகொள்ளுங்கள்.'