சிங்கம் என்ன கூட்டம்?

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு சிங்கங்கள் உட்கார்ந்து டிவியில் சிங்கம் பார்த்தன. ஒன்று என் வீட்டுக்காரர். இன்னொன்று என் அண்ணன். இரண்டு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம்? எங்கள் ஊர் மண்ணரையில் ஒரே தெருவில் இருவருக்கும் தனித்தனியாகப் பனியன் தைக்கும் சின்ன யூனிட். இந்த டல் சீசனில் அண்ணனிடம் இருந்த மூன்று டெய்லர்கள் என் வீட்டுக்காரரிடம் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆளை இழுத்துவிட்டார் என்று அண்ணன். அவர்களாக வந்தார்கள் என்று இவர். ஆர்டர் குவிகிற மாதங்களில் டெய்லர்கள் இங்கேயும் அங்கேயும் போவார்கள், வருவார்கள்... யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வேலை வற்றினால்தான் நமக்கு ரோஷம் ஊறும்.

சரி, சண்டை போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். நடுவில் மாட்டியது என் மகளின் காதுகுத்து. வெள்ளிக்கிழமை, குன்னத்தூர் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

"உங்க பெரியப்பன் பையன் மடியில உக்கார வெச்சுக்கலாம்," என்றார் இவர், ரொம்ப சுலபமாக. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் வெறும் ரசம்தான் வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நங்கையை நான்தான் வரச் சொல்லியிருந்தேன். எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் சொல்வோம். அண்ணன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு அப்படியே திரும்பிப் போகப் பார்த்தார். வாசலில் இவர். பகையாளியே வந்தாலும் "வாங்க" என்று கேட்காவிட்டால் எங்கள் ஊரில் அது பெரிய குற்றம். இவர் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்து "வாங்க" என்றார். கேட்ட பிறகு ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போனால் மட்டும் மரியாதையா? அண்ணன் உள்ளே வந்து, டிவிக்கு நேராக உட்கார்ந்துகொண்டார்.

டிவியில் ஆப்பிரிக்கா. மழையே இல்லை. ஆறு காய்ந்து, மிச்சம் ஒரே ஒரு சேற்றுக் குட்டை. அதற்கு இரண்டு சிங்கக் கூட்டங்கள் போட்டி. குட்டிகளெல்லாம் எலும்பும் தோலுமாக இருந்தன. "ஆற்றோரக் கூட்டம் பாறைக் கூட்டத்தை நெருங்குகிறது..." என்று தமிழில் ஒரு குரல் மிரட்டியது. இரண்டு ஆண்களும் கண் கொட்டவில்லை.

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நங்கை கேட்டார்.

"ஏனுங்க, ரெண்டும் வேற வேற கூட்டமுங்களா?"

"ஆமாங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப மாமன் மச்சான் மொறையாவுதுங்களே. பங்காளின்னாக்கூடச் சரி. இவங்க எதுக்குங்க அடிச்சுக்கறாங்க?"

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன் - எங்கள் பக்கம் கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. பெண் எடுக்க முடியாது. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். தாராளமாகச் சம்பந்தம் பேசலாம். நங்கை சிங்கத்துக்கும் முறை பார்த்துவிட்டார். தெரியாமல் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா? வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் வாயோரமும் லேசாகத் துடித்தது. இவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"ஆளுக வந்திருக்கறாங்கன்னு ஒரு போன் பண்ணியிருந்தா, நானே வெச்சுக்கங்க மாப்ளேன்னிருப்பனுங்க," என்றார் அண்ணன், சிங்கத்தைப் பார்த்தபடியே. "எங்கிட்ட இப்ப வேலை ஏதுங்க?"

"பண்ணோணும்னுதான் நெனச்சனுங்க மச்சான். கூச்சமாப் போச்சுங்க."

கூச்சமா? இரண்டு மாதமாக நான் இதை ரோஷம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண்களின் பாதிச் சண்டைகளை உரித்துப் பார்த்தால் உள்ளே இதுதான் இருக்குமோ?

அப்புறம் அண்ணன் கேட்டார்.

"வெள்ளிக்கெழமை எத்தனை மணிக்குங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. காபி போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை நல்லபடியாகக் காது குத்தியாயிற்று. என் மகள் ஒரே ஒரு நிமிடம்தான் அழுதாள். அவளை மடியில் வைத்திருந்த தாய்மாமன், பந்தி முடிகிற வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார்.