பூதகணத்தின் தொப்பைச் சிவப்பு

பாறையைக் குடைந்து செய்த அந்தக் கோயிலில் சிற்பங்களுக்குத் தூசி தட்டுவது அவள் வேலை. ஏழு வருடமாகத் தற்காலிகம்தான். நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க மறுநாள் தொல்லியல் அதிகாரி வருவதாக இருந்தார்.

மேற்பார்வையாளர் வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார். வீட்டில் “இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணி” என்று தட்டை நீட்டுபவள், குகைக்குள் நுழைந்ததும் மேடம் ஆகிவிடுவாள்.

ஆடும் சிவனின் காலடியில் ஒரு பூதகணம். தொப்பை தள்ள மத்தளம் அடித்துக்கொண்டு, ஓசிச் சாப்பாட்டுக்கு வந்தவனைப் போல இளிப்பான். வௌவால் எச்சமும் புகையும் படிந்து கரிச்சட்டியாக இருந்தவனை, காலையிலிருந்து மெல்லிய தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவ்வப்போது தூரிகையை வெள்ளைத்தாளில் தட்டிப் பார்ப்பாள். கறுப்பு விழுந்தால் புகை, சாம்பல் நிறமென்றால் எச்சம், தொடர்ந்து துடைக்கலாம். தொப்புளுக்குக் கீழே வந்தபோது தாளில் சிவப்பு விழுந்தது. கையை எடுத்துவிட்டாள்.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றாள் நாத்தனார்.

“சிவப்பு வருது மேடம்.”

“ஏதாவது செம்மண்ணா இருக்கும். பாதி குளிச்சவன் மாதிரி நிக்கிறான், நாளைக்கு அதிகாரி என்ன நினைப்பாரு? ஈரத்துணியால ஒரு தேய் தேய்ங்க.”

“தேய்ச்சா போயிடும். போனா யார் கொண்டுவருவா?”

“வேலை போனா யார் கொண்டுவருவா? அப்புறம் எங்கண்ணன் என் தலையைத்தான் உருட்டுவான்.”

“உங்கண்ணனை நான் பாத்துக்கறேன். இவனை நீங்க தொடாதீங்க.”

பேருந்தில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு தொப்பைக்காக ஏழு வருடத்தைத் தொலைத்துவிட்டோமோ என்று வழியெல்லாம் அவள் கணக்குப் போட்டாள்.

மறுநாள் அதிகாரி பூதகணத்தின் முன்னால் நின்றார். “இது ஏன் பாதியில நிக்குது?”

அவள் சிவப்பு விழுந்த தாளை நீட்டினாள். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து மண்டியிட்டு, தொப்பையில் மூக்கு இடிக்கக் குனிந்தார். வெகுநேரம் எழவில்லை.

“சுண்ணாம்புப் பூச்சு, அதுக்கு மேல பழைய வண்ணம். இந்தக் கோயில்ல துளிகூட மிஞ்சலைன்னு எழுதி வச்சிருக்கோம். யார் நிறுத்தச் சொன்னது?”

‘நான்’ என்று வாயெடுத்த நாத்தனார், அண்ணியைப் பார்த்ததும் அதை மென்று விழுங்கினாள். “நான் தேய்க்கத்தான் சொன்னேன் சார். இவங்க கேக்கல. வீட்லயும் இப்படித்தான்.”

அதிகாரி சிரித்தபடி கோப்பைத் திறந்தார். அவளை நிரந்தரமாக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். கீழே இன்னொரு வரி எழுதி வாசித்தும் காட்டினார்: இவரைக் கேட்காமல் இந்தச் சிற்பத்தை யாரும் தொடக் கூடாது.

“யாரும்னா?” என்றாள் நாத்தனார்.

“முதல்ல நீங்கதாம்மா.”