பூசாத வீட்டில் பால் காய்ச்சினோம்

போன வருடத்துக்கு முந்தின வருடம், எங்கள் வயலில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். வரப்பில் நின்று பார்த்தால், பக்கத்துத் தென்னந்தோப்பில் ஜீப்பில் வந்த ஒரு பெண்ணும் அதன் டிரைவரும் குழி தோண்டி, ஒயர் வைத்த டப்பா ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பகீரென்றது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மண்ணுக்குள் மெஷினை இறக்கினால், எண்ணெய் எடுக்க வந்துவிட்டார்கள், அடுத்து நிலம் போகப்போகிறது என்றுதான் நினைப்போம். நடவுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு சேற்றுக் காலோடு போய் அவர்களைச் சுற்றி நின்றேன்.

“எந்தக் கம்பெனிங்க நீங்க? யாரைக் கேட்டுத் தோண்டுறீங்க?”

“கம்பெனி இல்லைங்கக்கா. காலேஜ்ல நிலநடுக்கம் பத்தி ஆராய்ச்சி பண்றோம். பூமி அசையறதை இது பதிவு பண்ணும்” என்றாள் அந்தப் பெண். நம்புவேனா? தோப்புக்காரருக்கு போன் போட்டு, அனுமதி கொடுத்தது அவர்தான் என்று தெரிந்த பிறகும் நான் நகரவில்லை. அவள் லேப்டாப்பைத் திறந்து எங்களைக் குதிக்கச் சொன்னாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லோரும் குதித்தோம். திரையில் கோடு துள்ளியது. அப்புறம் யாருக்கும் கோபம் நிற்கவில்லை, ஒரே சிரிப்பு.

“பூகம்பம் வந்தா இது முன்னாடியே சொல்லிடுமா?” என்று கேட்டேன்.

“சொல்லாதுக்கா. எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. எங்கேருந்து வருது, இந்த மண்ணு எவ்வளவு ஆடும்னு தெரிஞ்சா, வீட்டை அதுக்குத் தகுந்த மாதிரி கட்டிக்கலாம்.”

தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கையோடு இழுத்துப் போனேன். கதவு, ஜன்னல்களுக்கு மேல் மட்டும் கான்கிரீட் போடக் கொத்தனார் பலகை அடித்துக்கொண்டிருந்தார். அவள் சுற்றிப் பார்த்தாள்.

“அங்கங்க நிறுத்தாம, எல்லாச் சுவரையும் சுத்தி ஒரே பெல்ட்டா கம்பி கட்டிப் போடுங்கக்கா. இது வண்டல் மண்ணு, தூரத்துல ஆடுனாக்கூட இங்க உலுக்கலாம். பெல்ட் இருந்தா ஒரு சுவரை இன்னொரு சுவர் பிடிச்சுக்கும்.”

கொத்தனார் என்னைப் பார்த்தார். “போட்டுடலாம்மா. ஆனா எல்லாச் சுவருக்கும் பலகை அடிச்சுக் கம்பி கட்டுனா, தைக்குள்ள வீடு முடியாது.”

தையில்தான் என் கணவர் துபாயிலிருந்து லீவில் வருகிறார். அவர் இருக்கும்போதே குடிபோக வேண்டும் என்று எத்தனை நாள் ஆசை! வீடியோ காலில் விஷயத்தைச் சொன்னதும் எகிறினார். “நம்ம ஊர்ல என்னைக்குடி பூகம்பம் வந்துச்சு?”

“அந்த வீட்டுல தூங்கப்போறது நானும் பிள்ளைங்களும்தாங்க” என்றேன். பிள்ளைகளைக் கூப்பிடச் சொல்லி அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு, “சரி, போடச் சொல்லு” என்றார்.

கொத்தனார் சொன்னபடியே ஆனது. தை பிறந்தபோது தளம் போட்டிருந்தது, பூச்சு வேலை தொடங்கவே இல்லை. செங்கல் தெரிகிற வீட்டிலேயே பால் காய்ச்சினோம். சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? “என்ன அண்ணி, பூசாத வீட்டுலயா பால் காய்ச்சுவாங்க?” என்று நாத்தனார் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். எனக்கு முகம் சுண்டிப்போனது.

என் கணவர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு போய், சுவரைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டையைக் காட்டினார். “பூசிட்டா இது தெரியாது. இப்பவே நல்லா பாத்துக்க.” அதன்பிறகு வந்தவர்களையெல்லாம் சுற்ற வைத்துக் காட்டினார், ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இப்போது வீட்டைப் பூசி வெள்ளையடித்தாயிற்று. அவர் துபாய்க்குத் திரும்பிவிட்டார். பூகம்பம் வரவில்லை, வராமலே இருக்கட்டும். ஆனால் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, பூச்சுக்குள் அந்தப் பட்டை ஓடும் சுவரைப் பார்க்கும்போதெல்லாம், நாங்கள் தனியாக இருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுவதே இல்லை.