டாக்டர் அரைக்காமல் விட்ட பல்

"ஏளா, நம்ம டாக்டரம்மா போயிட்டாவளாம். நெஞ்சுவலியாம்" என்று அம்மா போனில் சொன்னபோது, துறைமுகத்தை ஒட்டிய எங்கள் ஷிப்பிங் ஆபீஸில் கன்டெய்னர் பேப்பர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வரும். வந்தது. அறுபதுகூட ஆகாத மனுஷி. பல் காட்ட அடுத்த வாரம் வா என்று சொல்லியிருந்தவர். இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவது?

மில்லர்புரத்தில் பல் டாக்டர் குமுதவல்லியின் மாடிப்படி ஏறியவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆழ்வார்திருநகரிக்காரர். ஓயாத பேச்சு. நம் வாயைப் பிளக்க வைத்துவிட்டுக் கேள்வி கேட்பார். நாம் 'ஆ, ஆ' என்றால் அதையும் புரிந்துகொண்டு சண்டைக்கு வருவார்.

எனக்கு எத்துப்பல். இருபத்தேழு வயதுக்குள் இரண்டு வரன் பல்லைச் சொல்லியே தட்டிப்போயிருந்தது. அப்பா வைத்திருப்பது போட்டோ ஸ்டூடியோ. ஆறுமுகநேரியில் நல்ல இடம் ஒன்று இருப்பதாகத் தரகர் சொன்னதும், என்னைப் படமெடுத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, என் பல்லை வரிசையாக்கி அனுப்பிவிட்டார். எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. ஊரார் கல்யாணப் படங்களில் பருவை அழித்து அழித்துப் பழகிய கை, மகள் பல்லில் மட்டும் சும்மா இருக்குமா? மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் பிடித்துப்போய், அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. என்னைக் கூட்டிக்கொண்டு டாக்டரின் மாடி ஏறினார்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். கம்பி கட்டினால் ஒன்றரை வருஷம் ஆகும், பல் மெல்ல மெல்லப் பின்னால் போகும். முன்பல் ஆறையும் அரைத்து மேலே செராமிக் தொப்பி போட்டால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். "தொப்பியே போட்டுருங்க" என்றார் அப்பா, இட்லியா தோசையா என்று கேட்டதுபோல.

டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. அச்செடுத்து, நம் பல்வரிசையை பிளாஸ்டரில் வார்த்து வைத்துவிடுவார். மறுமுறை போகும்போது, நிஜப் பல்லை எவ்வளவு அரைக்க வேண்டுமோ அவ்வளவையும் அந்த பிளாஸ்டர் பல்லில் நம் கண்முன்னால் அரைத்துக் காட்டுவார். எனக்கும் அரைத்தார். வெள்ளைத் தூள் மேசையெல்லாம் பறந்தது. முடித்ததும் என் கையில் கொடுத்தார். ஆறும் குச்சி குச்சியாக நின்றன. "இதான் உன் பல்லு. இப்ப சொல்லு" என்றார். நாக்கால் என் முன்பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அப்பா விடவில்லை. "மேல தொப்பி போட்டா, போட்டோல இருக்க மாதிரி ஆயிரும்லா?"

"எந்த போட்டோ அண்ணாச்சி?"

அப்பா திருதிருவென்று முழித்தார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. நான் அங்கேயே கத்தினேன். டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணுக்கு ஏத்த மாதிரி போட்டோ எடுக்கலாம். போட்டோவுக்கு ஏத்த மாதிரி பொண்ணை அரைக்க என்னால முடியாது அண்ணாச்சி" என்றார்.

"இந்த இடமும் போயிருமே டாக்டர்" என்றார் அப்பா. அவருக்குப் பயம் அதுதான். எனக்கும்தான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "வாய் உன்னுது. அழகுக்கு மட்டும்னா கம்பிகூட வேண்டாம்னு சொல்லிருவேன். உன் கீழ்ப்பல்லு மேலண்ணத்தைக் குத்திட்டு இருக்கு, அதுக்குக் கம்பிதான் சரி. கல்யாணத்துக்கு என்கிட்ட மருந்து இல்ல."

பல் தெரியச் சிரித்து ஒரு படம் எடுத்தேன். 'இதுதான் நான். முந்தின படம் அப்பா திருத்தியது' என்று எழுதித் தரகருக்கு அனுப்பினேன். அனுப்பியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஆறுமுகநேரிக்காரர்கள் வரவில்லை. ஜாதகம் பொருந்தவில்லையாம்!

கம்பி கட்டிக்கொண்டேன். அப்பா டாக்டரோடு பேச்சை நிறுத்திவிட்டார். பல மாதம் கழித்து, ஒருநாள் டாக்டரே ஸ்டூடியோவுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பாஸ்போர்ட் சைஸ் வேணும் அண்ணாச்சி. கீழ்வரிசையில எனக்கு ஒரு கோணப்பல்லு இருக்கு. அதைத் திருத்தினீங்க, தெரியும் சேதி."

"பாஸ்போர்ட் சைஸுக்கு வாயை மூடணும் டாக்டர்."

"அது ஒண்ணுதான் என்னால முடியாது."

அப்பா சிரித்துவிட்டார். அன்றே அந்தக் கோபம் தீர்ந்தது.

அழகு வைத்தியம் என்றாலே டாக்டருக்கு ஆகாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஆபீஸ் செல்வி, கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பழுப்பேறிய பல்லோடு அவரிடம் போனாள். என்னைப் பார்த்து அவளுக்கும் கம்பி ஆசை. "கம்பி என்ன வளையலா, ஒருத்தி போட்டா எல்லாரும் போட? உனக்கு வரிசை அம்சமா இருக்கு, நிறம்தான் கொறை" என்று சொல்லி, மெல்லிய செராமிக் தகடு ஒட்டி அனுப்பிவைத்தார். செல்வி இப்போது சிரிப்பை நிறுத்துவதே இல்லை. பக்கத்து சீட்டுக்காரி நான்தான், எனக்குத் தெரியும்.

பிறகு எனக்குக் கல்யாணமும் ஆனது. வாயில் கம்பி இருக்கும்போதே வந்து பார்த்துப் பேசி முடித்தார்கள். டாக்டர் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மேடையேறி, "அல்வாவைப் பார்த்துத் தின்னு, கம்பியில ஒட்டும்" என்று மாப்பிள்ளை காதில் விழவே சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று அவர் வீட்டுக்குப் போய், அழுது, திரும்பி வந்து குளித்ததும் நல்ல பசி. கூடையில் ஒரு கொய்யா கிடந்தது, கல் மாதிரி செங்காய். கத்தி தேடவில்லை. கம்பி கழற்றி நாளாகிவிட்டது. முன்பல்லால் ஒரே கடி. தொப்பி போட்ட பல்லாக இருந்தால் இதற்கெல்லாம் ரொம்ப யோசிக்க வேண்டும். நீங்கள் எனக்கு விட்டுப்போனது இதுதான் டாக்டர், என் சொந்தப் பல் ஆறும், முழுசாக. மென்றுகொண்டே அழுதேன்.